குழந்தைக்கு இதய ஆபரேஷன்: கையில் எவ்வளவு வேண்டும், ஊரில் எதைக் கேட்பது?

கேள்வி: "எங்கள் ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு இதயத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது, சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்கு மேல் கையில் எவ்வளவு வேண்டும்? பணம் சேரும் வரை இரண்டு மூன்று மாதம் தள்ளலாமா? ஊரில் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது."

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணத்துக்காகத் தள்ளாதீர்கள். சளி இருக்கிறது, எடை கொஞ்சம் ஏறட்டும் என்று டாக்டர் தள்ளினால் அதற்குக் காரணம் இருக்கும். நீங்களாகத் தள்ளினால் குழந்தையின் நுரையீரல் அதற்கு விலை கொடுக்கும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஓர் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பதினாறு வருடமாக லேப் டெக்னீஷியன். 2019-ல் என் தங்கை மகளுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் சென்னையில் 26 நாள் கூடவே இருந்தேன். வேலையில் தெரிந்ததையும் அந்த 26 நாளில் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்ததில் மாப்பிள்ளையின் 90 தென்னையில் 11 தான் நின்றது. அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பாப்பா பிறந்தாள். 2.8 கிலோ, சுகப்பிரசவம், ஒரு குறையும் இல்லை. இரண்டாவது மாதம்தான் ஆரம்பித்தது. பால் குடிக்க உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நாலு வாய் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், திரும்பக் குடிப்பாள். ஃபேன் காற்றிலும் நெற்றி முத்து முத்தாக வேர்க்கும். "சீர் தட்டியிருக்கிறது" என்று மூன்று இடத்தில் மந்திரித்தார்கள். அதில் ஓர் இடத்துக்கு பைக்கில் கூட்டிப் போனவன் நான்தான். மருத்துவமனையில் வேலை பார்ப்பவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

பதினாலாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது கிராம சுகாதார செவிலியர் பாப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்து எழுந்தது. எடை 3.7 கிலோ. "ஊசி அப்புறம். முதலில் இவளை பெரிய டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பினார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் 8 மில்லிமீட்டர் ஓட்டை தெரிந்தது. அந்தம்மா சட்டையைத் தூக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை இடத்தில் மந்திரித்திருப்போமோ.

பிறந்து இரண்டு மாதம் வரை சும்மா இருந்த ஓட்டை ஏன் திடீரென்று தொல்லை கொடுக்கிறது என்று மாப்பிள்ளை டாக்டரைக் கேட்டார். டாக்டர் சொன்னதை நான் எங்கள் பக்கத்து பாஷையில் அவருக்கு மாற்றிச் சொன்னேன். கல்லணைக் கால்வாயில் நாங்கள் கடைமடை. மேலே கரையில் உடைப்பு எடுத்தால் நடுவில் இருக்கும் வயல் மூழ்கும், எங்களுக்குத் தண்ணீர் வராது. இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் வாய்க்கால். ஓட்டை வழியாக அந்த ரத்தம் வலப்பக்கம் பாய்ந்து திரும்ப நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் மூழ்குகிறது, உடம்பு காய்கிறது. பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகலாக இருப்பதால் அந்தப் பக்கம் அவ்வளவாகப் பாயாது. ஆறு, எட்டு வாரத்தில் அவை தளர்ந்ததும் வெள்ளம்தான்.

அந்த வெள்ளம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நின்றால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப் போகும். பிரஷர் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் ரத்தம் எதிர்த்திசையில் பாய ஆரம்பிக்கும், உதடும் நகமும் நீலமாகும். அந்த நிலைக்குப் போனபின் ஓட்டையை மூடவே முடியாது. பெரிய ஓட்டையை முதல் வயதுக்குள் மூடிவிட வேண்டும் என்று டாக்டர்கள் நெருக்குவது இதனால்தான்.

இந்த இடத்தில் ஊர்க்காரர்கள் ஓர் உதவி செய்ய வருவார்கள். "எங்கள் சித்தப்பா பையனுக்கும் ஓட்டை இருந்தது, தானாக மூடிக்கொண்டது" என்பார்கள். பொய் சொல்லவில்லை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். அதில் இந்த நடுச்சுவர் ஓட்டைதான் அதிகம். சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும். ஆனால் சித்தப்பா பையனின் ஓட்டை 2 மில்லிமீட்டராக இருந்திருக்கும். உங்கள் பெண்ணுக்கு எக்கோ சொல்வதுதான் கணக்கு. பால் குடிக்கும் நேரமும் எடையும் அடுத்த சாட்சிகள்.

சரி, பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, இந்த ஆபரேஷனும் அதில் அடங்கும். நாங்கள் தடுக்கி விழுந்தது ஒரு சின்ன விஷயத்தில். பாப்பாவுக்குப் பெயரே வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, குடும்ப அட்டையிலும் அவள் இல்லை. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஆவணம் கேட்டபோது விழித்தோம். அன்று சாயங்காலமே பெயர் வைத்து, ஊரில் இருந்த மாப்பிள்ளையின் தம்பி இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்து முடித்ததில் ஆறு நாள் போனது. நீங்கள் அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மருத்துவமனை எக்கோ அறிக்கையோடு முன் அனுமதிக்கு அனுப்பும். அது வந்ததும் தேதி கொடுப்பார்கள்.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று ஒன்று இருக்கும். பிறவிக் குறை உள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அங்கே ஒரு தடவை பதிந்துகொண்டால் பிற்பாடு அலைச்சல் குறையும். காப்பீட்டில் ஏதாவது சிக்கல் என்றால் புட்டபர்த்தி, பெங்களூர் ஒயிட்ஃபீல்டு சத்ய சாய் மருத்துவமனைகளும் நயா ராய்ப்பூர் சஞ்சீவனியும் இருக்கின்றன. இலவசமாகவே செய்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒரு நாற்பது பக்க நோட்டில் மற்ற செலவை எழுதி வைத்திருந்தார். வேனும் பஸ்ஸும் 9,200. மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஓர் அறை, நாளுக்கு 600 வீதம் 15,600. சாப்பாடு 14,500. அட்மிஷனுக்கு முன்னால் வெளியில் எடுத்த எக்கோ, ஸ்கேன், மருந்து 11,300. டயப்பர், பால் கறக்கும் பம்ப், ஃபோன், இன்னபிற 6,800. ஆக 57,400. இது 2019 விலை. இன்றைக்கு எண்பது, தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் மாப்பிள்ளை வேலைக்குப் போகாத நாள்களின் கூலி சேரவில்லை. காப்பீடு கொடுக்கும் லட்சங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். குடும்பத்தை முறிப்பது இந்த ஐம்பத்தேழாயிரம்தான்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்றால், மொய்யாக வந்தது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆட்களுக்கு மொய் விருந்து தெரியும். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். அடுத்து அவர்கள் விருந்து வைக்கும்போது அதையும் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரி. அதில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை வீட்டு முறை வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவும் கஜா வருடம். யாரிடம் என்ன இருக்கும்?

நாங்கள் யாரையும் கேட்கவில்லை. பாப்பாவுக்குத் தேதி கிடைத்த விஷயம் டீக்கடை வரை போயிருக்கிறது. மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தென்னங்கன்று போடும் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். மடியில் இருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தார். "ஒங்க அப்பாரு எனக்கு ரெண்டாயிரம் செஞ்சிருக்காரு. விருந்துல குடுக்குறத இப்பவே குடுக்குறேன். நோட்டுல வரவு வச்சிக்க, சாப்பாடு பாக்கின்னு எழுதிக்க" என்றார். எல்லாம் ஐம்பதும் நூறுமாக இருந்தது. மாப்பிள்ளை உள்ளே போய்ப் பழைய மொய் நோட்டைத் தேடி எடுத்து, அவர் பெயர் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அவர் பார்க்கவே எழுதினார். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். அடுத்த நாலு நாளில் முப்பத்தொரு பேர் அப்படி வந்தார்கள்.

உங்கள் ஊரில் மொய் விருந்து இல்லாமல் இருக்கலாம். சீட்டு இருக்கும், சுய உதவிக் குழு இருக்கும், கோயில் கமிட்டி, ஜமாத், சபை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஏதோ ஒன்று இருக்கும். கூச்சம் வருவது, இல்லாதவர் கை நீட்டுவதாக நினைப்பதால். நீங்கள் இத்தனை வருடம் போட்டது திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால் கேட்க வாய் வரும். ஒன்று மட்டும் கவனம்: கடன், மொய், சும்மா கொடுத்தது மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பரபரப்பில் எழுதாமல் விட்டால் பிற்பாடு நல்ல உறவே கசந்துபோகும்.

குழந்தையின் படத்தைப் போட்டு இணையத்தில் பணம் திரட்டுவதைப் பற்றிப் பலர் சொல்வார்கள். பெரிய தொகை தேவைப்படும் குடும்பங்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது. காப்பீடு கைகொடுக்கும் இடத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. குழாய் சொருகிய குழந்தையின் படம் அவள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் எங்காவது கிடக்கும்.

பணத்தைவிட ஆள் வேண்டும். தங்கையின் மூத்த பையனுக்கு அப்போது நாலு வயது. அவனை எதிர்வீட்டு அக்கா வைத்துக்கொண்டார்கள். அங்கன்வாடிக்கு அனுப்பி, ராத்திரி அம்மாவைக் கேட்டு அழுதால் ஃபோன் போட்டுக் கொடுத்து, 26 நாள். அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் வேறு. மாட்டுக்குப் பால் கறப்பது ஒருவர், ரேஷன் வாங்குவது ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். சென்னையில் குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று ஒருநாள் விட்டு ஒருநாள் ரசம் சாதமும் துவையலும் கொண்டுவந்து கொடுத்தது. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று முப்பது பேர் சொல்வார்கள். அவர்களிடம் "செவ்வாய்க்கிழமை ராத்திரி ஐசியு வாசலில் எனக்குப் பதிலாக உட்கார முடியுமா?" என்று நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் வருகிறார்கள்.

ரத்தம் என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நாலைந்து பேரைக் கொடையாளராகக் கேட்பார்கள். குழந்தையின் வகைதான் வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். குழந்தைக்கு ரத்த வங்கி கொடுக்கும் ரத்தத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டத்தான் கேட்பார்கள், எந்த வகையானாலும் எடுத்துக்கொள்வார்கள். எந்த வகை என்று ரத்த வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்ற முடியாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்து சோதனை இருக்கிறது. அதனால் கொடையாளர்கள் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே வரட்டும். 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். எங்களுக்கு வேளச்சேரியில் தங்கி வேலை பார்க்கும் ஊர்ப் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒருவன் போன மாதம்தான் கையில் பச்சை குத்தியிருந்தான், ஒருவன் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு வேண்டுமென்றால் ஏழு பேரிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. அப்பா, அம்மா, மாமன் என்று நெருங்கிய ரத்த சொந்தங்களின் ரத்தத்தைக் குழந்தைக்கு நேராக ஏற்றுவதைத் தவிர்ப்போம். ஏற்றிய ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குழந்தையின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடும்; அவை தங்கிப் பெருகி அந்த உடம்பையே தாக்குவது அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். கதிர்வீச்சுக் கொடுத்த பிறகுதான் ஏற்றலாம். நானும் கொடுத்தேன். தாய்மாமன் ரத்தம் வேறு யாருக்கோ போனது. வாட்ஸ்அப்பில் ரத்தம் கேட்டால் தேதியும் மருத்துவமனைப் பெயரும் போடுங்கள், கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே குழுவில் போடுங்கள். மூன்று வருடப் பழைய செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் ரத்த வங்கிக்கு இன்றும் ஃபோன் வருகிறது.

ஆபரேஷன் அன்று எந்த நேரத்துக்குப் பிறகு பால் கொடுக்கக் கூடாது என்று சொல்வார்கள். தாய்ப்பாலென்றால் பொதுவாக நாலு மணி நேரம். பசியில் அழுகிற குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி நடமாட ஓர் ஆள் வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் கருப்பு வளையலைக் கழற்றி, அரைஞாண்கயிற்றைக் கத்தரித்து, ஒரு சின்னக் கவரில் போட்டுத் தங்கை கையில் கொடுத்தார். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்துவிட்டார். ஐந்து மணி நேரம் அந்தக் கவரை அவள் கீழே வைக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். நெஞ்செலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தைத் திருப்பிவிட்டு, இதயத்தை நிறுத்தி, ஓட்டைக்கு ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பார்கள். அந்த இயந்திரம் பரவலாவதற்கு முன்பு, 1954-ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்ற டாக்டர் அப்பாவையே பக்கத்தில் படுக்கவைத்துக் குழாயால் இணைத்து, அப்பாவின் இதயம் பிள்ளைக்கும் சேர்த்துத் துடிக்க, இதே ஓட்டையை மூடினார். காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊரா இருந்தா மாமனத்தான் படுக்க வச்சிருப்பாங்க" என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்த முதல் குழந்தை பதினொரு நாளில் நிமோனியாவில் போய்விட்டதை நான் சொல்லவில்லை. அந்த முறையில் செய்த 45 பேரில் 28 பேர் வீடு திரும்பினார்கள் என்பதை மட்டும் சொன்னேன். இன்றைக்கு நிலைமை அதைவிட எவ்வளவோ மேல்.

ஐசியுவில் முதலில் பார்க்கப் போகும்போது தயாராகப் போங்கள். முகம் வீங்கியிருக்கும். வாயில் வென்டிலேட்டர் குழாய், நெஞ்சுக்குக் கீழே ரத்தநீர் வடியும் குழாய், பேஸ்மேக்கருக்கான மெல்லிய கம்பிகள், கழுத்திலும் கையிலும் ஊசிகள். மானிட்டர் ஓயாமல் சத்தம் போடும். எல்லாச் சத்தமும் ஆபத்தில்லை. தங்கை குழந்தையைப் பார்க்காமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் வாய்க்குழாயை எடுத்தார்கள். பாப்பா வாயைத் திறந்து, முகம் சிவக்க அழுகிறாள், சத்தமே வரவில்லை. குரல் போய்விட்டது என்று தங்கை அலறிவிட்டாள். குழாய் இருந்ததால் தொண்டை வீங்கியிருக்கிறது, ஓரிரு நாளில் வரும் என்றார் நர்ஸ். இதை எங்களுக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம் என்பதால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் பாலாடையில் 30 மில்லி பால் கொடுக்கச் சொன்னார்கள். தங்கை பழக்கதோஷத்தில் முந்தானையால் நெற்றியைத் துடைக்கத் தயாராக வைத்திருந்தாள். நாலே நிமிடத்தில் காலி. நெற்றி காய்ந்தே இருந்தது. பாலாடையைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே பார்க்க வரும். வாசலோடு நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி. நாங்கள் முதல் பத்து நாள் எதிர்வீட்டு அக்காவையே காவலுக்குப் போட்டோம். அவரைத் தாண்டி ஒருவரும் கொஞ்சிவிட முடியவில்லை. நெஞ்செலும்பு கூட ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில் கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும். பாட்டிகளுக்கு இது மறந்துபோகும், தொட்டிலுக்கு மேலே எழுதியே ஒட்டினோம். ரத்தம் ஏற்றியதால் தட்டம்மை ஊசியைச் சில மாதம் தள்ளச் சொல்லலாம். டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். பல் முளைத்த பிறகு பல் சுத்தம் முக்கியம், வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் உட்காரும். காதுகுத்துக்கு ஆறு மாதம் போகட்டும் என்றார் டாக்டர். அதற்குள் கொரோனா வந்துவிட்டது, 2021 தை மாதம்தான் என் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். பெரியவரின் பாக்கிச் சாப்பாட்டை அன்றைக்குப் போட்டார் மாப்பிள்ளை.

கடைசியாக ஒன்று, கிளம்பும்போது மறந்துவிடுவீர்கள்: முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்திச் சட்டை நாலைந்து எடுத்து வையுங்கள். தலைவழியாகப் போடும் சட்டை ரொம்ப நாளைக்கு ஆகாது. பாலாடையும் ஒன்று.